மூச்சுத்திணறலின் பதிவு முகவரி

ஆம்புலன்ஸ் பறந்து வந்தது. சைரன் அடங்குவதற்குள் கதவு திறந்தது, ஸ்ட்ரெச்சர் இறங்கியது, ஆக்சிஜன் சிலிண்டர் ஒருவர் தோளில் ஏறியது. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. அது வந்து நின்ற வாசலில் எல்லோரும் திடகாத்திரமாக இருந்தார்கள்.

மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவள் ஊரின் மறுகோடியில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்துமா. இன்ஹேலரை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தும் அடங்காத ரகம். அவள் கணவர், ஊரார் வாயில் கண்ணாடிக்காரர், ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டு மறுகையால் போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"வண்டி வந்தாச்சு சார்," என்றது போனில் ஒரு தேன்குரல்.

"எங்கம்மா? வாசல்ல ஒண்ணையும் காணோமே!"

"திரையில வந்தாச்சுன்னு காட்டுது சார்."

"திரையில வந்துச்சு, தெருவுல வரலையே! நாங்க கடை மாத்தி வந்துட்டோம்மா. நான் சொல்றேன், எழுதிக்குங்க..."

"நீங்க சொல்ற முகவரியை நாங்க எடுத்துக்கக் கூடாது சார். பதட்டத்துல இருக்கிறவங்க தப்பாச் சொல்லிடுவாங்க, அதனால கேட்கவே கூடாதுன்னு அவசர அழைப்பு வாரியத்தோட விதி. எங்கே நின்னு கூப்பிட்டாலும் பதிவுல இருக்கிற முகவரிதான் முகவரி. கவலைப்படாதீங்க, நோயாளியை வண்டியில ஏத்தியாச்சு."

"யாரை ஏத்தினீங்க?"

"உங்க மனைவியை சார்."

கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். மனைவி கட்டிலில்தான் இருந்தாள். அந்த மூச்சு முட்டலிலும் புருவத்தை உயர்த்தி, என்னவாம் என்று கேட்டாள்.

"உன்னை ஏத்திட்டாங்களாம்," என்றார் அவர்.

விஷயம் இதுதான். கடையும் வீடும் ஒன்றாக இருந்த பழைய இடத்தைக் காலி செய்துவிட்டு அவர்கள் இந்தக் கட்டடத்துக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஏதோ ஒரு அலுவலகம் காலி செய்துவிட்டுப் போன இடம். கோட்டைச் சுவர். செல்போன் சிக்னல் வாசல்படி வரை வந்து, உள்ளே வர வெட்கப்பட்டுத் திரும்பிவிடும். அதனால் எந்தப் போனில் பேசினாலும் வீட்டு இணையம் வழியாகத்தான் பேச்சு போக வேண்டும். இணையப் போனுக்கோ தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. யாரோ எப்போதோ எழுதிவைத்த முகவரியைக் கிளிப்பிள்ளையாக ஒப்பிக்கும். அது ஒப்பித்தது பழைய முகவரியை.

கடைசியில் அவளைக் காப்பாற்றியது எதிர்க்கடைத் தண்ணீர் கேன் வண்டி. இரண்டு வரிசை கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து, சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் நின்று, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அவசரப் பிரிவில் பக்கத்துப் படுக்கையில் ஒரு மலை கிடந்தது. கையில்லா பனியன், தொடையளவு புஜங்கள், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். மாஸ்க்கைக் கழற்ற மலை முயன்றது. கழற்றவிடாமல் ஆம்புலன்ஸ் நர்ஸ் அதட்டினாள்.

"அம்மா, ஒழுங்கா மூச்சு விடுங்கம்மா."

"யாருடி அம்மா? நான் ஜிம் மாஸ்டர்! நூறு கிலோ தூக்கிட்டு இருந்தேன். தூக்கினா மூச்சு வாங்கத்தான் செய்யும். அதுக்காகக் கூட்டத்தோட வந்து அமுக்கித் தூக்கிட்டு வந்துடறதா?"

"ஸ்ட்ரெச்சர் காலியாத் திரும்பக் கூடாதுங்கம்மா. வாரியத்தோட விதி. அந்த முகவரியில மூச்சு வாங்கினது நீங்க ஒருத்தர்தான்." நர்ஸ் தன் கோப்பைப் பார்த்துப் படித்தாள். "பெண், வயசு நாற்பத்தாறு, ஆஸ்துமா. சரியா இருக்கா?"

கண்ணாடிக்காரரின் மனைவி, தன் மாஸ்க்குக்குள்ளிருந்தே சிரித்தாள். பழைய இடத்துக்கு ஜிம் வந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தத் தடவை தப்பிச்சீங்க. அடுத்த தடவை வழியிலேயே ஆக்சிஜன் ஏத்தணும். கேன் வண்டியெல்லாம் நம்பி உட்கார்ந்துடாதீங்க, உயிரோட விளையாட்டு. முதல்ல போய் முகவரியை மாத்துங்க."

மாற்றுவதுதானே! அதற்கென்ன, அரை நாள் வேலை என்று நினைத்தார் கண்ணாடிக்காரர். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறவர். தனக்கு முன்னால் வந்துகொண்டிருந்தது மட்டும் தெரியவில்லை.

*

அவசர அழைப்பு வழிகாட்டு வாரியம் புதிதாகக் கட்டிய ஏழு மாடி மாளிகையில் இருந்தது. முகப்பு முழுக்கக் கண்ணாடி. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. வாசல் வளைவில் பொன்னெழுத்தில் வாரியத்தின் தாரக மந்திரம்: 'அழைப்பு எங்கே பதிவோ, ஆபத்து அங்கே!'

முகவரிப் பிரிவில் ஒரே ஓர் அலுவலர். கண்ணாடிக்காரரின் முகத்தை அவர் பார்க்கவில்லை. கணினித் திரையைப் பார்த்தே பேசினார். பிற்பாடு கண்ணாடிக்காரரின் மனைவி அவருக்கு வைத்த பெயர் திரைவாசகர்.

"உங்க மனைவி நல்லாத்தான் இருக்காங்க. வண்டி போச்சு, ஏத்துச்சு, சேர்த்துச்சு. குணமாகி வீட்டுக்கும் போயாச்சு. பாராட்டுக் கடிதம்கூட அனுப்பியிருக்கோம். வரலையா?"

"எங்க அனுப்பினீங்க?"

"பதிவு முகவரிக்குத்தான்."

கண்ணாடிக்காரர் பொறுமையாக, கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும் அதே குரலில், நடந்ததை எல்லாம் சொன்னார். திரைவாசகர் தலையாட்டினார்.

"ஆக, முகவரி மாத்தணும். விதி ரொம்ப எளிமை சார். நீங்க பழைய இடத்துல இல்லைங்கிறதை நான் நேர்ல வந்து உறுதி பண்ணணும். நான் வர்றப்போ நீங்க அங்க இருக்கணும், அவ்வளவுதான்."

"அங்க இல்லைன்னு காட்டறதுக்கு அங்க இருக்கணுமா?"

"பின்ன? நீங்க இல்லாத இடத்துல உங்களை எப்படி சார் விசாரிக்கிறது?"

கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அந்த மாளிகையின் விசேஷம். உள்ளே இருக்கும்வரை எல்லாமே நியாயமாகப் படும்.

குறித்த நாளில் கண்ணாடிக்காரர் ஜிம்முக்குப் போய், ஒரு டிரெட்மில்லுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். திரைவாசகர் வந்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த டேப்லெட்டில் தட்டினார். 'விண்ணப்பதாரர் பதிவு முகவரியிலேயே இருக்கிறார். மாற்றம் தேவையில்லை. நிராகரிக்கப்பட்டது.'

"சார், நீங்கதானே வந்து நிக்கச் சொன்னீங்க!"

"நிக்கச் சொன்னேன். இவ்வளவு வீட்டு மனுஷன் மாதிரி நிப்பீங்கன்னு எதிர்பார்க்கலை."

அடுத்த தடவை புத்திசாலித்தனமாகப் போகாமல் இருந்தார். அதற்கும் பதில் வந்தது, அதே ஜிம்முக்கு. 'விண்ணப்பதாரரைப் பதிவு முகவரியில் காண இயலவில்லை. நிராகரிக்கப்பட்டது.' அந்தப் போன் இணைப்பே வேண்டாம், வெட்டிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். வெட்டுவதற்கும் அதே நேரடி விசாரணையாம்.

இடையில் மனைவிக்கு இன்னொரு தடவை மூச்சு முட்டியது. பழக்கதோஷத்தில் அவசர எண்ணை அழுத்திவிட்டுத்தான் கேன் வண்டிக்கு ஓடினார். ஜிம் மாஸ்டர் மறுபடியும் போய்ப் படுத்தார். பாவம், அவருடைய கோப்பு அவரைப்போலவே பருத்துக்கொண்டு வந்தது. இப்போது அவர் நாள்பட்ட ஆஸ்துமாக்காரி. படி ஏறக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் குறிப்பு வேறு. ஜிம்மின் உறுப்பினர்கள் இரண்டு இரண்டு பேராக நழுவ ஆரம்பித்தார்கள்.

மாஸ்டர் நேரே கடைக்கு வந்துவிட்டார். கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, உங்க சண்டையை நீங்க போட்டுக்குங்க. என்னை ஏன் பொம்பளை ஆக்கறீங்க?"

"ஏன் தம்பி, பொம்பளைன்னா கேவலமா?" என்று பின்னறையிலிருந்து வந்தது மனைவியின் குரல். "நான் இந்த மூச்சை வச்சுக்கிட்டு முப்பது பேருக்குச் சமைப்பேன். நீ ஒரு நாள் தாங்குவியா?"

மலை சட்டென்று அடங்கியது. "அக்கா, நான் அப்படிச் சொல்லலைக்கா."

"உட்காரு. டீ குடி. உன்னையும் என்னையும் ஒரே ஸ்ட்ரெச்சர்லதான் கட்டிப் போட்டிருக்காங்க."

*

வாரியத்தில் மாதாந்திரக் குறைகேட்பு நடந்தது. தலைவரே பேசினார். அவர் மேடைக்கு வருமுன் அவர் பூசியிருந்த சென்ட் வந்துவிட்டது. முன்வரிசையில் நாலு பேர் தும்மினார்கள். மனைவியை அழைத்து வராதது எவ்வளவு நல்லதாயிற்று என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார்.

"பெருமக்களே!" என்றார் தலைவர். "நம் வண்டிகள் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. சரியான இடத்துக்குப் போனதா என்று சிலர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன். வண்டி போன இடத்தில் நோயாளி ஏன் இல்லை? வண்டி தன் கடமையைச் செய்தது. நோயாளி செய்தாரா?"

கைதட்டல். தட்டியவர்கள் எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தார்கள்.

"வீடு மாறுவது ஒரு கெட்ட பழக்கம். சிகரெட்டை விடச் சொல்கிறோம், இதை யாரும் சொல்வதில்லை! நோய் வரப்போவது உங்களுக்குத் தெரியாதா? மழைக்கு முன் குடை எடுப்பதில்லையா? அதுபோல, மூச்சு முட்டும் அறிகுறி தெரிந்ததும் பதிவு முகவரிக்குப் போய் அமைதியாக உட்கார்ந்திருந்தால், நம் வண்டி உங்களைத் தேடி வராதா?"

கண்ணாடிக்காரர் எழுந்து நின்று தன் கதையைச் சொன்னார். தலைவர் கண்கலங்கக் கேட்டார். உடனே, அந்த மேடையிலேயே, ஓர் உத்தரவு போட்டார். பதிவு முகவரியில் நோயுறும் உரிமை! அதன்படி ஜிம் மாஸ்டர் தன் கூடத்தின் ஒரு மூலையில் கட்டில் ஒன்று போட வேண்டும். கண்ணாடிக்காரரின் மனைவிக்கு எப்போது மூச்சு முட்டினாலும் அந்தக் கட்டிலில் வந்து முட்டிக்கொள்ளலாம்.

அவர் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி எழுந்து, கல்லாவாகப் பயன்படுத்திய மேஜையின் டிராயரைத் திறந்தாள்.

முன்பு இருந்த அலுவலகம் அந்த இடத்தில் விட்டுப்போன பொருள்கள் கொஞ்சம் உண்டு. சன்னல் வைத்த கம்பி வலைத் தடுப்பு. அதில் இவர்கள் கண்ணாடி ஃபிரேம்களை மாட்டியிருந்தார்கள். சுவரில் 'வரிசையில் நிற்கவும்' என்ற எழுத்து. இரண்டு தடவை வெள்ளையடித்தும் அழியவில்லை. வாசலுக்கு மேலே, பெயர்ப்பலகை கழற்றிய இடத்தில் வெளிறிய ஒரு செவ்வகம். டிராயருக்குள் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். 'நிராகரிக்கப்பட்டது.' ஏற்கப்பட்டது என்று ஒன்று அகப்படுமா என்று மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்த்தாள். அப்படி ஒன்றை அவர்கள் செய்யவே இல்லை போலும். அன்றிலிருந்து கணவர் அசட்டுத்தனமாக எதையாவது சொன்னால் அவர் புறங்கையில் ஒன்று குத்துவது அவள் வழக்கமாகிவிட்டது.

இப்போதும் குத்தினாள். கொஞ்சம் பலமாகவே.

"எனக்கு எங்க மூச்சு முட்டணும்னு அந்த ஆள் உத்தரவு போடுவானா? முட்டறதுக்கு முன்னாடி பஸ் பிடிச்சு ஜிம்முக்குப் போய்ப் படுத்துக்கணுமா? ஏங்க, கேட்டுக்கிட்டு வந்தீங்களே, அங்கேயே ரெண்டு வார்த்தை திருப்பிக் கேட்க வாய் வரலையா?"

"எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கும் தட்டணும் போல ஆயிடுச்சு," என்றார் அவர், உண்மையாக.

"நான் செத்தாலும் இந்த வீட்லதான் சாவேன். ஆனா சாகமாட்டேன். எழுதி வச்சுக்குங்க."

*

அடுத்த வாரம் ஒரு பகல்பொழுது. கடையில் கூட்டமில்லை. ஒரு பெரியவருக்குக் கண்ணாடிக்காரர் மூக்குப்பட்டை சரிசெய்துகொண்டிருந்தார். தூரத்தில் சைரன். கிட்டத்தில் சைரன். வாசலில் சைரன்.

ஸ்ட்ரெச்சரோடு நர்ஸ் உள்ளே ஓடி வந்தாள். "எங்க நோயாளி?"

கண்ணாடிக்காரர் கையிலிருந்த திருப்புளி விழுந்தது. "நாங்க கூப்பிடவே இல்லையே!"

"இந்த முகவரியிலிருந்துதான் அழைப்பு. ஆண், வயசு ஐம்பத்தொன்பது, சுழல் நாற்காலியிலிருந்து விழுந்து இடுப்புல அடி." நர்ஸ் கோப்பைப் படித்துக்கொண்டே போனவள் நின்றாள். "பெயர்க் கட்டத்துல... வாரியத் தலைவர்னு இருக்கு."

கண்ணாடிக்காரர் மெதுவாக நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். வரிசையில் நிற்கவும். கம்பி வலைத் தடுப்பைப் பார்த்தார். வெளியே ஓடிப் போய், அந்த வெளிறிய செவ்வகத்தையும் பார்த்தார். இத்தனை மாதமாக அவர் குடியிருப்பது வாரியத்தின் பழைய அலுவலகத்தில்! மாளிகைக்குக் குடிபோன வாரியம், தன் இணையப் போன்களுக்கு முகவரியை மாற்ற மறந்திருக்கிறது. மறந்ததா? இல்லை. மனு போட்டிருக்கும். தன் விதியில் தானே இடறி விழுந்திருக்கும்.

"யாராவது ஏறணும்," என்றாள் நர்ஸ், கடிகாரத்தைப் பார்த்து. "காலி ஸ்ட்ரெச்சர் கூடாது."

மனைவி பின்னறையிலிருந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி வந்தாள். காலையிலிருந்தே லேசாக இழுப்பு இருந்தது. "டாக்டர் ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார். வீடு தேடி வந்த வண்டியை விடுவானேன்?" என்று ஏறிப் படுத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆக்சிஜன் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், மாளிகையின் ஏழாம் மாடியில், கம்பளத்தில் குப்புறக் கிடந்த தலைவரின் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'வாழ்த்துகள்! நீங்கள் காப்பாற்றப்பட்டுவிட்டீர்கள்.'

*

வாரியத்தில் பீதி பரவியது. ஊழியர்கள் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். சிலர் ஹெல்மெட்டோடு இருக்கையில் உட்கார்ந்தார்கள். 'வளாகத்தில் மயங்கி விழுதல் மறு உத்தரவு வரை தடை செய்யப்படுகிறது' என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அதை ஒட்ட ஏறியவர் விழுந்தார். அவருக்கும் வண்டி பறந்து வந்தது, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு.

ஒரு நாள் திரைவாசகர் டேப்லெட்டோடு கடைக்கு வந்து சேர்ந்தார்.

"விண்ணப்பதாரர் வாரியம். பழைய முகவரி இதுதான். வாரியம் இங்க இருக்கா?"

"இல்லைங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

"அப்போ காண இயலவில்லை." திரைவாசகர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தட்டினார். "நிராகரிக்கப்பட்டது. தலைவர்கிட்ட எப்படிச் சொல்லப்போறேனோ!"

மறுநாள் தலைவரே வந்தார். இடுப்பில் பெல்ட், கையில் ஊன்றுகோல், ஆளுக்கு முன்னால் சென்ட். கூடவே டேப்லெட்டும் விண்ணப்பத் தாளுமாகத் திரைவாசகர். ஜிம் மாஸ்டரும் அந்நேரம் கடையில்தான் இருந்தார். அக்காவுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தர வருவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டிருந்தார்.

"நான் வந்துவிட்டேன்," என்றார் தலைவர். "வாரியம் என்றால் நான். எழுதுங்கள்."

திரைவாசகர் அவரைப் பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார். குரல் உடைந்தது. "ஐயா... விண்ணப்பதாரர் பதிவு முகவரியிலேயே இருக்கிறார்னு வருதுங்க. மாற்றம் தேவையில்லைன்னு..."

"நான் தலைவர்!"

"திரைக்கு அது தெரியாதுங்களே ஐயா."

மாஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு கண்ணாடி ஃபிரேமை வளைத்துவிட்டார். ஆனால் கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த சென்ட். கடையின் மூடிய காற்றில் அது குமட்டிக்கொண்டு நின்றது. அவள் தோள்கள் ஏறி ஏறி இறங்கின. இன்ஹேலரை அழுத்தினாள், இன்னொரு தடவை அழுத்தினாள். உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது.

"மாஸ்டர், கேன் வண்டி!"

மாஸ்டர் ஓடிப் போய்த் திரும்பி வந்தார். "கடையைப் பூட்டிட்டு வெளியூர் போயிட்டாங்கண்ணே! ஆம்புலன்ஸுக்கு அடிங்க!"

"அடிச்சா உன் ஜிம்முக்குத்தானே போகும்!"

அந்தக் கணம்தான் அது நடந்தது. இத்தனை நாளும் யார் என்ன சொன்னாலும் நியாயமாகத்தான் இருக்கும் என்று நம்பிய அந்த மனுஷருக்குள் ஏதோ ஒன்று முறிந்தது. இந்த வாசலுக்கு ஆம்புலன்ஸ் வர ஒரே ஒரு வழிதான் உண்டு. அவர் போனை எடுத்துத் தலைவரின் கையில் திணித்தார்.

"உங்க ஆபீசுக்குப் போடுங்க. அங்கேருந்து அவசர எண்ணுக்கு அடிக்கச் சொல்லுங்க. அங்க அடிச்சாத்தான் இங்க வரும்."

தலைவர் பின்வாங்கினார். "அது எப்படி? வளாகத்தில் ஆபத்து எதுவும் இல்லையே! பொய் அழைப்பு சட்டப்படி குற்றம்."

"உங்க வாசல்ல என்ன எழுதி வச்சிருக்கீங்க? அழைப்பு எங்கே பதிவோ, ஆபத்து அங்கே! வாரியத்தோட பதிவு முகவரி இது. அப்போ இது யாரோட ஆபத்து? உங்க ஆபத்து! இவ மூச்சு நின்னா உங்க பதிவு முகவரியில நின்னதா எழுதுவேன். ஊர் பூரா ஒட்டுவேன். போடுய்யா போனை!"

மாஸ்டர் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். அவர் நிற்பதே போதும்.

தலைவர் எண்ணை அழுத்தினார். "யாரு? நான்தான். உடனே ஆம்புலன்ஸுக்கு அடி... ஆமா, நம்ம ஆபீஸ் போன்லேருந்து... நோயாளி பேரா? என் பேரைப் போடு! மூச்சு முட்டுதுன்னு போடு! கேள்வி கேட்காதேய்யா, அடி!"

முதன்முறையாக, அந்த வாயிலிருந்து மேடைத்தமிழ் இல்லாத வெறும் பேச்சு வந்தது.

கண்ணாடிக்காரர் மனைவியை வாசலுக்குத் தூக்கிவந்து காற்றில் உட்காரவைத்தார். அவள் விரல்கள் அவர் சட்டையைப் பற்றியிருந்தன. பிடி தளருகிறதா, இறுகுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் சைரன். இந்த ஒரு விஷயத்தில் தலைவர் பொய் சொல்லவில்லை. வண்டி ஒருபோதும் தாமதமாக வந்ததில்லை.

"தலைவர் யாரு?" என்றாள் நர்ஸ்.

நாலு கைகள் மனைவியைக் காட்டின. அதில் ஒன்று தலைவருடையது.

முகத்தில் மாஸ்க் ஏறியது. ஸ்ட்ரெச்சர் உயர்ந்தது. தலைவருக்கு மெல்ல உயிர் வந்தது. குரலும் பழையபடி மேடைக்கு ஏறியது. "பார்த்தீர்களா? நம் அமைப்பு இயங்குகிறது! எத்தகைய சூழலிலும்..."

மனைவி விரலை ஆட்டினாள். கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது. இத்தனை வருஷக் குடித்தனம். உள்ளே ஓடி, டிராயரைத் திறந்து, கொண்டுவந்து கொடுத்தார். திரைவாசகரின் கையில் வாரியத்தின் விண்ணப்பத் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. படுத்தபடியே, அதன் நட்டநடுவில், அவள் ஓங்கிக் குத்தினாள்.

*

ஆஸ்பத்திரிக்குத் தலைவர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். மூன்றாவது தடவை தானே வந்தார், சென்ட் பூசாமல்.

"அம்மா, உங்கள் முகவரியை விசேஷ அனுமதியில் மாற்றித் தருகிறோம். உங்களுக்கு மட்டும். பதிலுக்கு, எங்கள் விசாரணையின்போது, வாரியம் அங்கே இருக்கிறது, ஆனால் இல்லை என்று ஒரு வார்த்தை..."

அவள் மாஸ்க்கை இறக்கினாள்.

"எனக்கு மட்டும்னா வேண்டாம்."

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா..."

"நீங்க சும்மா இருங்க. கையை நீட்டாதீங்க, ஸ்டாம்ப் வீட்ல இருக்கு." தலைவர் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுச் சுவர்ல நீங்கதானே எழுதி வச்சுட்டுப் போனீங்க? வரிசையில் நிற்கவும்னு? உங்களுக்கு முன்னாடி ஊர்ல வீடு மாத்தினவன் அத்தனை பேரும் நிக்கிறான். அவங்களுக்கெல்லாம் வாயால சொன்னா மாத்திக் குடுங்க. கூப்பிடறவன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கடைசியா நீங்க வாங்க. அதுவரைக்கும் உங்க ஆபீஸ்ல யார் விழுந்தாலும் வண்டி எங்க வீட்டுக்குத்தான் வரும். நான் வாசல்லதான் உட்கார்ந்திருப்பேன்."

"இது மிரட்டல்!"

"இல்லைங்க. பதிவு."

தலைவர் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக, விழுந்துவிடாமல், வெகு ஜாக்கிரதையாக நடந்து போனார்.

அவர் தாக்குப் பிடித்தது, மாளிகையின் லிஃப்ட் ஒரு மத்தியானம் நின்றுபோகும் வரைதான். உள்ளே அவரோடு ஆறு அதிகாரிகள். கண்ணாடிக் கடை வாசலில் மூன்று ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. அந்த வாரமே பதிவு முகவரி விதி விழுந்தது. 'மக்களின் குரலைக் கேட்கும் புரட்சிகரத் திட்டம்' என்று தலைவர் அதற்கு விழா எடுத்தார். ஒரே நிறச் சட்டைகள் கைதட்டின.

ஜிம் மாஸ்டருக்கு மட்டும் முழு விடுதலை கிடைக்கவில்லை. காலில் எடைத்தட்டு விழுந்து அவர் நிஜமாகவே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது, வண்டி சரியாக ஜிம்முக்கே வந்தது. நர்ஸ் இறங்கி வந்து, பரிவோடு கேட்டாள்: "இப்ப மூச்சு பரவாயில்லையாம்மா?"

மழைக்காலம் ஆரம்பித்த ஒரு மாலை. மனைவிக்கு மறுபடி இழுப்பு வந்தது. கண்ணாடிக்காரர் போனை எடுத்தார். திரையைத் திட்ட, விதியைத் திட்ட, தலைவரைத் திட்ட எல்லா வார்த்தைகளையும் தயாராக வைத்துக்கொண்டு அவசர எண்ணை அழுத்தினார். அதே தேன்குரல்.

"சொல்லுங்க சார். நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

அவர் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. எத்தனையோ மாதங்களாக யாரும் கேட்காத கேள்வி.

மனைவி அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். மார்பில் மிச்சமிருந்த மூச்சை எல்லாம் ஒன்றாகத் திரட்டி, கதவு எண், தெரு, முனையில் தண்ணீர் கேன் கடை, எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.